கீழே போறேன், ஏதாச்சும் வேணுமா?

ஏற்காட்டில் யாரும் சேலத்துக்குப் போவதில்லை, ‘கீழே’ போவார்கள். சேலத்திலிருந்து யாரும் ஏற்காட்டுக்கு வருவதில்லை, ‘மேலே’ வருவார்கள். பெரிய ஆஸ்பத்திரி கீழே, கலெக்டர் ஆபீஸ் கீழே, ரயில் கீழே, தீபாவளி ஜவுளி கீழே, பெண் கொடுத்த இடமும் கீழே. பக்கத்து வீட்டு அக்காவின் மகன் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, “பையன் கீழ போயிட்டான் கண்ணு” என்று மட்டும்தான் சொன்னார். அவன் போனது சிங்கப்பூருக்கு என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத் தெரியவந்தது. அவரைப் பொறுத்தவரை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிவிட்டால் அதற்கப்புறம் எல்லாமே கீழேதான்.

நான் பிறந்தது கும்பகோணம் பக்கம். கல்யாணமானதும் கணவரின் வேலைக்காக சவுதி அரேபியாவில் ஜுபைலில் ஒன்பது வருடம் இருந்தோம். 2019-ல் ஊர் திரும்பியவருக்கு இந்த மலையில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. நானும் மாமியாரும் பின்னாலேயே மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். பாலைவனத்திலிருந்து நேராகப் பனிமூட்டத்துக்கு! அங்கே துவைத்துப் போட்ட துணி அரை மணி நேரத்தில் அப்பளம் மாதிரி மொடமொடவென்று ஆகிவிடும். இங்கே ஆடி மாசத்தில் ஒரு போர்வையைத் துவைத்தால், அது காய்வதற்குள் அடுத்த போர்வை அழுக்காகிவிடுகிறது.

புது ஊரை வேடிக்கை பார்க்கும் பழக்கம் எனக்கு ஜுபைலில்தான் ஒட்டிக்கொண்டது. சாமான்களைத் தள்ளுவண்டியில் நிரப்பிக்கொண்டு பில் போட நிற்போம், பாங்கு ஒலிக்கும், கல்லாவில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். தொழுகை முடியும்வரை நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். எங்கள் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் பாங்கு நேரத்தை மனப்பாடமாக வைத்திருந்தோம். 2013 ஜூனில் அந்த நாட்டு அரசாங்கம் வார விடுமுறையை வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாற்றியது. புதன்கிழமை ராத்திரி விருந்தெல்லாம் வியாழனுக்கு நகர்ந்தன. என் கணவர் மட்டும் ஒரு மாசத்துக்குப் புதன்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், சட்டையை இஸ்திரி போட உட்கார்ந்துவிடுவார். ஒரு ஊரில் எழுதி வைக்காத சட்டங்கள்தான் முக்கியம், அவற்றை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரமாட்டார்கள் என்பது அங்கே புரிந்தது. அதனால் இங்கே வந்ததும் அதே வேலையாகக் கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டேன்.

முதலில் பிடிபட்டது, இந்த ஊரில் பாங்கு மாதிரி ஒன்று உண்டு, அது மூட்டம். கடிகாரத்தில் மணி ஐந்தே ஆகியிருக்கலாம். மலைமேல் மூட்டம் இறங்கி எதிர்வீட்டு வேலி மறைந்துவிட்டால் அன்றைய நாள் முடிந்தது என்று அர்த்தம். கடைக்குப் போனவர்கள் திரும்பிவிடுவார்கள். பேச்சு பாதியில் நிற்கும். “மூட்டம் போட்டுருச்சு, கெளம்பறேன்” என்று எழுந்தால் யாரும் “இன்னும் கொஞ்ச நேரம் இருங்களேன்” என்று உபசரிக்கமாட்டார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் இப்படி எழுந்தால், போகிறவரை வாசல்வரை இழுத்துப் பிடித்துக் காபி குடிக்க வைக்காமல் விடமாட்டோம். ஆரம்பத்தில் மாமியாருக்கு இது பெரிய குறை. “என்னம்மா இது, வான்னும் சொல்ல மாட்டேங்கறாங்க, இருன்னும் சொல்ல மாட்டேங்கறாங்க!”

அடுத்தது வளைவுக் கணக்கு. அடிவாரத்திலிருந்து ஊர் வரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். வருகிறவர்கள் போனில் மணி சொல்லமாட்டார்கள்; வளைவு சொல்வார்கள். “இப்பத்தான் அடிவாரம் தாண்டுனோம்”, “ஏழுல நிக்கறோம், பாப்பா வாந்தி எடுக்குது”, “அறுபதடிப் பாலத்துக்கிட்ட லாரி மாட்டிக்கிச்சு.” வீட்டில் இருப்பவர்களும் அதை வைத்துத்தான் வேலையை ஆரம்பிப்பார்கள். பதினைந்தாவது வளைவு என்றால் டீத்தண்ணி வைக்கலாம். பதினெட்டு என்றால் தோசைக்கல்லை அடுப்பில் போடலாம். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்பது மலைப்பாதைச் சட்டம். சனி, ஞாயிறில் அது தெரியாத சுற்றுலா வண்டி ஒன்று நடுவளைவில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றால், அன்றைக்கு ஏகப்பட்ட வீடுகளில் தோசைக்கல் காயும்.

ஊர்ப் பெயர்களே தனி வேடிக்கை. நான்கு ரோடு சேரும் நெரிசலான இடத்துக்கு ஒண்டிக்கடை என்று பெயர். ஒரு காலத்தில் ஒரே ஒரு கடை ஒண்டியாக நின்றிருக்க வேண்டும். இப்போது அங்கே கடைகளை எண்ண முடியாது. பெயர் மட்டும் ஒண்டியாக நிற்கிறது. மலை விளிம்பில் பகோடா மாதிரி கற்களை அடுக்கிய கும்பங்கள் இருக்கும் இடத்தை வெள்ளைக்காரர்கள் ‘பகோடா பாயிண்ட்’ என்றார்கள். நம் நாக்கு அதைப் ‘பக்கோடா பாயிண்ட்’ ஆக்கிவிட்டது. அங்கே போய்ப் பக்கோடா கடையைத் தேடியவர்களை நானே பார்த்திருக்கிறேன். (ஏரிக்கரைக்குப் போனால் மிளகாய் பஜ்ஜி கிடைக்கும். பக்கோடாவுக்கு அதுவே பரவாயில்லை.) லேடீஸ் சீட்டில் ராத்திரி நின்று பார்த்தால் சேலம் முழுவதும் விளக்காகக் கீழே பரந்து கிடக்கும். வெளியூர்க்காரர்கள் ‘ஆகா’ என்பார்கள். உள்ளூர்க்காரர்கள் வேறு மாதிரி பார்ப்பார்கள். “அந்தப் பக்கம் கரண்ட் போயிருக்கு பாரு. நம்ம பொண்ணு வீடு அங்கதான். தூங்கியிருக்க மாட்டா.”

அடுக்களைக்கு வருகிறேன். அங்கேதானே ஒரு ஊர் நம்மை உண்மையாகச் சோதிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பித் திறந்த பாத்திரத்தில் பருப்பைப் போட்டால் அது மதியம்வரை பருப்பாகவே இருக்கும். குக்கர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. இட்லி மாவு இன்னொரு கதை. கும்பகோணத்தில் ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் பொங்கி வழிந்து தரையைத் துடைக்க வைக்கும். இங்கே மார்கழியில் அரைத்த மாவு, அரைத்த இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டு அக்காதான் வழி சொன்னார். பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, விறகடுப்புச் சாம்பல் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் விறகடுப்பு இல்லையே என்றேன். “எங்கூட்டுல இருக்குல்ல, கொண்டாந்து வை கண்ணு” என்றார். ஆறு குளிர்காலமாக எங்கள் வீட்டு இட்லி மாவு அவர் வீட்டில்தான் தூங்குகிறது. உப்பு ஜாடியில் தண்ணீர் விடுவதற்கு ஒரு பிடி அரிசி, தீப்பெட்டிக்கு ஒரு டப்பா, குடைக்கு வாசலில் ஓர் ஆணி. இங்கே வாசல் ஆணியில் குடை இல்லாவிட்டால் வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார் என்று அர்த்தம்.

காபியைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பிறந்த ஊர் என்னை மன்னிக்காது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். இரு நூற்றாண்டுகள் ஆகியும் சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடி சுற்றிய மரங்களுக்கு அடியில் காபிச் செடிதான் இந்த ஊருக்குச் சோறு போடுகிறது. நான் வந்த புதிதில் ஒரு டம்ளர் நல்ல காபிக்காக ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். எல்லாம் டீக்கடை! கூலி வேலைக்குப் போகிறவர்கள் காலையில் குடிப்பது டீ. அல்லது வெல்லம் போட்ட வரக்காப்பி. “காபி விளையற ஊர்ல டீக்கடையா வெச்சிருக்கீங்களே?” என்று மாமியார் ஒரு கடைக்காரரிடம் கேட்டேவிட்டார். அவர் ஆற்றுவதை நிறுத்தாமல் சொன்னார்: “காபி விக்கறதுக்கும்மா. டீ குடிக்கறதுக்கு.”

ஆனால் காபிக்கு இந்த ஊர் காட்டும் மரியாதை பங்குனியில் தெரியும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும். பெய்தால் எட்டு, பத்து நாளில் செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று பூக்கும். மல்லிகை மாதிரி ஒரு வாசனை. மூன்று, நான்கு நாள்தான். மழை பெய்யாவிட்டாலோ, போதாமல் பெய்தாலோ மொட்டு கருகும், அந்த வருஷக் காய்ப்பு போச்சு. அதனால் அந்த மாசத்தில் யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாச்சா என்று கேட்க மாட்டார்கள். “உங்க பக்கம் எவ்வளவு?” என்பார்கள். பதில் மில்லிமீட்டரில் வராது. எஸ்டேட்டில் மழைக்கு இன்ச், சென்ட் கணக்கு. “ஒரு இன்ச்சு இருவது” என்றால் ஒரு இன்ச்சும் இருபது சென்ட்டும். ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு இன்ச் பெய்து அந்தப் பக்கம் ஒரு சொட்டும் விழாமல் போவதும் உண்டு. அப்போது இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளிடம் தன் கணக்கைச் சத்தமாகச் சொல்லமாட்டார். யாரும் எழுதி வைக்காத சட்டம். எனக்கு மிகவும் பிடித்த சட்டம்.

மே மாசம் கோடை விழா. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி. மலை முழுக்க வண்டி. அந்த நாட்களில் ஏறுவது ஒரு பாதை, இறங்குவது குப்பனூர் வழி என்று போக்குவரத்தையே பிரித்துவிடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் ஏரிப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். ஊரை விருந்தாளிகளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர்கள் பின்கட்டுக்குப் போய்விடுவது மாதிரி. வெளியூர்ப் பிள்ளைகள் அரைக்கால் சட்டையில் திரிய, எங்கள் தெருத் தாத்தா ஒருவர் மே மாசத்திலும் கம்பளிக் குல்லாவோடு உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக் குளிரில் நடுங்குவார்.

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண் இந்த மலையின் ஆதிக்குடி. அரசாங்கப் பதிவேட்டில் பழங்குடி, பெயர் ‘மலையாளி’. கேரளாவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள், பேசுவது தமிழ். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அண்ணன் தம்பிகள் மூவரும் பிரிந்து சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு மலை ஏறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சென்னையிலிருந்து என் கொழுந்தனார் வந்திருந்தபோது, ‘மலையாளி’ என்று காதில் விழுந்ததும் உற்சாகமாகி, அந்தப் பெண்ணிடம் “சுகந்தன்னே?” என்று விசாரித்தார். அது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்த அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?” என்றது.

அந்தப் பெண்தான் என் மாமியாரை முதன்முதலில் சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப்போனது. மலையின் உச்சி, சுமார் 5,300 அடி. வெட்டவெளி மாதிரி அகன்ற சமவெளி. அதன் ஓரத்தில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் பக்கத்தில் காவேரி அம்மனும். அந்தக் குகை உள்ளுக்குள்ளேயே தலைக்காவிரிவரை போகிறது என்று சொல்வார்கள். மாமியார் 70 வருஷம் காவிரிக்கரையில் வாழ்ந்தவர். ஆடிப்பெருக்குக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போனவர். ஏற்காட்டுக்கு வந்து எட்டு மாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், அந்தக் குகையிலிருந்து நிமிர்ந்து வெளியே வந்து, “நம்ம காவேரி இங்கயா வந்து உக்காந்திருக்கா!” என்றார். அதற்கப்புறம் ஒரு நாளும் ஊரைக் குறை சொல்லிக் கேட்டதில்லை. குறைந்தபட்சம் என் காதுபட.

இத்தனை வழக்கங்களில் எனக்கு முதலில் எரிச்சலாகப் பட்டது ஒன்று உண்டு. யார் சேலத்துக்குக் கிளம்பினாலும் முதல் நாளே வரிசை முழுக்கச் சொல்லியாக வேண்டும். “நாளைக்குக் கீழ போறேன், ஏதாச்சும் வேணுமா?” கேட்காமல் போய் வந்தால் அது பெரிய மனத்தாங்கல். கேட்டால் ஆளுக்கொன்று வரும். ஒருவருக்கு பி.பி. மாத்திரை, ஒருவருக்கு மிக்ஸி ஜாருக்கு ரப்பர், ஒருவருக்குப் பேத்தியின் பள்ளிக்கூட டை, ஒருவருக்குத் தட்டுவடை செட்டு போடத் தட்டை. ஜுபைலில் தள்ளுவண்டியில் என் வீட்டுச் சாமான் மட்டும் போகும். இங்கே என் பையில் ஒன்பது வீட்டுச் சாமான். வந்ததும் நேராக வீட்டுக்குப் போக முடியாது. ஒவ்வொரு வாசலாக நின்று பிரித்துக் கொடுத்துக் கணக்குத் தீர்க்க வேண்டும்.

இதிலும் எழுதாத விதிகள் உண்டு. பணம் முன்கூட்டிக் கொடுக்கக் கூடாது, அது நம்பிக்கையில்லை என்று ஆகிவிடும். வாங்கி வந்தவர் பில்லைக் காட்டியே தீர வேண்டும், பார்க்காவிட்டாலும். கனமான சாமான் சொல்லக் கூடாது. மருந்து சொன்னவருக்குத்தான் முதல் முறை. பை நிறைந்தால் மற்றவை நிற்கும், மருந்து நிற்காது. எல்லாவற்றையும்விட முக்கியம்: ஆஸ்பத்திரிக்கோ சாவுக்கோ போகிறவரிடம் பட்டியல் கொடுக்கக் கூடாது. அவர்களும் கேட்கமாட்டார்கள். காலை முதல் பஸ்ஸுக்கு ஒருவர் எதுவும் கேட்காமல் தலை குனிந்து போனால், ஏதோ சரியில்லை என்று வரிசையே புரிந்துகொள்ளும். சாயங்காலம் அந்த வீட்டு அடுப்பை யாராவது ஒருவர் போய்ப் பற்ற வைத்திருப்பார்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடலோரத்துச் செய்தி, நமக்கென்ன என்றிருந்தோம். கரை கடந்த புயல் உள்ளே வந்து நின்று கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் என்று பிறகு பேப்பரில் பார்த்தோம். இங்கே எஸ்டேட் ஆபீஸ் மழைமானியை ஒரே நாளில் இரண்டு தடவை கொட்டி அளந்தார்கள். மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிப் போக்குவரத்து நின்றது. கரண்ட் இல்லை, போன் இல்லை. எங்கள் வீடு ஊருக்குள் இல்லை. நாகலூர் ரோட்டிலிருந்து எஸ்டேட் பாதையில் உள்ளே போக வேண்டும். அந்தப் பாதையிலும் சில்வர் ஓக் மரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. அதாவது ஊர் கீழேயிருந்து துண்டு. நாங்கள் ஊரிலிருந்தும் துண்டு.

மாமியாருக்கு தினமும் இரண்டு வேளை இன்சுலின். மாசத்தின் முதல் திங்கள்கிழமை கீழே போய் வாங்கி வருவது எங்கள் வழக்கம். அந்த மாசம் முதல் திங்கள் டிசம்பர் 2. அன்றைக்குத்தான் பாதை இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஊசி போட்டதும் சீசாவைத் தூக்கிப் பார்த்தேன். ராத்திரிக்குச் சரியாக வரும். புதன் காலைக்கு இல்லை. ஃபிரிட்ஜ் நின்று போனது ஒரு கவலையே இல்லை, அந்தக் குளிரில் வீடே ஃபிரிட்ஜ். சீசாதான் காலி.

என் கணவர் ஊருக்கு நடந்து போய் மருந்துக்கடையிலும், இல்லாவிட்டால் அரசு ஆஸ்பத்திரியிலும் கேட்கிறேன் என்று ரெயின்கோட்டை மாட்டினார். ஓடை பொங்கி ஓடுகிறது, பாலத்தைத் தாண்ட முடியவில்லை என்று போய்ப் பார்த்தவர்கள் திரும்பி வந்திருந்தார்கள். மாமியார் ஜபமாலை இல்லாமலே விரலை எண்ணிக்கொண்டிருந்தார். “ஒரு வேளை போடலைன்னா ஒண்ணும் ஆயிடாது” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை ஏறி அவர் நினைவு தப்பிக் கிடந்ததைப் பார்த்தவள் நான்.

பக்கத்து வீட்டு அக்கா கம்பளியில் சுற்றிய மாவுப் பாத்திரத்தைக் கொடுக்க வந்தார். விஷயத்தைக் கேட்டார். காலி சீசாவின் அட்டை டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மருந்தையெல்லாம் டப்பாவின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். “இதே டப்பாதான். போன மாசம் நான் கீழ போனப்ப மேலக்காட்டு டிரைவர் அண்ணனுக்கு ரெண்டு வாங்கியாந்தேன்” என்றார். மேலக்காடு என்பது எஸ்டேட்டின் மறுகோடி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு லாரி டிரைவர் தனியாக இருக்கிறார். அவரை நான் ஒரு தடவைகூடப் பேசிப் பார்த்ததில்லை.

ஓடையைத் தாண்டாமல் மேட்டு வழியாகப் போகலாம். அக்கா முன்னால், என் கணவர் பின்னால். காட்டெருமைகள் ஒதுங்கி நிற்கும் வழி என்று அக்கா ஒரு தகரத்தையும் குச்சியையும் எடுத்துக்கொண்டார். தகரச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. அப்புறம் மூட்டம் அதையும் விழுங்கிவிட்டது. மூன்று மணி நேரம். மாமியாரும் நானும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பேசாமல் பூண்டு உரித்தோம். ஒரு மாசத்துக்கான பூண்டு உரித்திருப்போம்.

திரும்பி வந்தபோது என் கணவரின் சட்டைப் பைக்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய டப்பா. சீல் உடைக்காத சீசா. டார்ச் வெளிச்சத்தில் பெயர், அளவு, காலாவதித் தேதி என்று மூன்று தடவை படித்தேன். எழுத்துக்கு எழுத்து அதே மருந்து. அவரிடம் இருந்தது மொத்தம் ஒன்றரை சீசாவாம். பிரிக்காத ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, திறந்த பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். என் கணவர் பணத்தை நீட்டியதற்கு, “பில்லு இல்லாம எப்படி வாங்கறது? கீழ போறப்ப ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க” என்றாராம்.

பாதை திறந்த மறுநாளே என் கணவர் கீழே போய் இரண்டு வாங்கி வந்தார். நான் டப்பாவோடு பில்லையும் எடுத்துக்கொண்டு மேலக்காட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, வாசல் ஆணியில் குடை. பில்லை வாங்கிப் பார்க்காமலே ஜன்னல் கம்பியில் செருகினார். வரக்காப்பி கொடுத்தார். எல்லாம் ஐந்து நிமிஷம். மூட்டம் இறங்கத் தொடங்கியது, நான் எழுந்தேன். “இருங்கம்மா” என்று அவரும் சொல்லவில்லை.

இதைக் கேள்விப்பட்டதும் சென்னைக் கொழுந்தனார் போனில் பிடித்துக்கொண்டார். “அண்ணி, இந்தத் தடவை மருந்தோட போச்சு. நெஞ்சுவலின்னு ஒண்ணு வந்தா? ராத்திரி மூட்டத்துல இருபது பெண்டு எறங்கி எப்பப் போய்ச் சேருவீங்க? அம்மாவை இங்க அனுப்புங்க. கீழ்த்தளத்துலயே ஆஸ்பத்திரி.” அவர் சொல்வது நியாயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் கணவரிடமும் இல்லை. பொங்கலுக்கு மாமியாரைச் சென்னைக்கு அனுப்பினோம். ஒரு மாசம் இருப்பதாகப் போனவர் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்துவிட்டார். “அங்க யாரும் எதுவும் வேணுமான்னு கேக்க மாட்டேங்கறாங்க, நானா கேட்டா ஒரு மாதிரி பாக்கறாங்க” என்றார். கொழுந்தனார் இன்னும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டுக்கொண்டிருக்கிறார். வரும் மழைக்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இப்போதைக்கு இரண்டு மாச இன்சுலினைக் கையிருப்பில் வைத்திருக்கிறோம். மேலக்காட்டு அண்ணனுடையதும் சேர்த்து.

அவர் போன வாரம் முதல் தடவையாக எங்களிடம் ஒன்று சொல்லி அனுப்பினார். குடைக் கம்பி உடைந்துவிட்டதாம். புதுக் குடை வேண்டாம், அதே குடையைச் சரி செய்து வந்தால் போதும். நாளைக்குக் கீழே போகிறேன். குடை, இரண்டு பி.பி. மாத்திரை, ஒரு மிக்ஸி ஜார் மூடி, அக்காவுக்கு நீல நிற நூல்கண்டு. நீலம் என்றால் எந்த நீலம் என்று கேட்டதற்கு, உங்கள் மாமியாரின் மருந்து டப்பா நீலம் என்றார்.